பிராடி துரையின் சொந்த வீடு

1796-ல் ஜேம்ஸ் பிராடி என்கிற ஸ்காட்லாந்து ஆசாமி சென்னையில் செய்த காரியம், நம் ஆபீஸில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். மாசச் சம்பள உத்தியோகத்தை நம்பி வீடு கட்ட ஆரம்பித்தார். உத்தியோகம், கிழக்கிந்தியக் கம்பெனியில். இடம், அடையாறு கடலில் கலக்கிறதே, அதற்குப் பக்கத்தில் க்விபிள் தீவு. அளவு, 11 ஏக்கர்! (கே.கே. நகரில் எனக்கு 600 சதுர அடிக்கே மூச்சு வாங்குகிறது. அதில் 'காமன் ஏரியா' போக மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் புரோக்கர் வானத்தைப் பார்க்கிறார்.) 1798-ல் வீடு முடிந்தது. பெயர், பிராடி காஸில்.

இப்போது அது இசைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அசோக் பில்லர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று பைக்கில் போய் கிரீன்வேஸ் ரோட்டைப் பிடித்தால் ஆயிற்று. முகப்பில் இரண்டு பக்கமும் குட்டிக் கோபுரம். அதன் தலையில், கோட்டைச் சுவரில் பல் பல்லாக இருக்குமே, அந்த அலங்காரம். ஆற்றங்கரை பங்களாவுக்கு எதற்கு சார் கொத்தளம்?

ஊர் ஞாபகம்தான். ஸ்காட்லாந்தின் வடக்கே மோரே பகுதியில் பிராடி குடும்பத்துக்கு ஒரு நிஜ காஸில் இருந்தது. 1567-ல் கட்டியது. 'டவர் ஹவுஸ்' என்பார்கள். கோட்டையும் இல்லை, வீடும் இல்லை, இரண்டும் சேர்ந்த தினுசு. கனமான கல் சுவர். இந்த வகை வீடுகளில் கீழ்த்தளம் கல் வளைவுக் கூரையோடு சாமான் போட மட்டும். குடும்பம் வசிப்பது மாடியில். ஏறுவதற்கு ஆள் ஒருவர் மட்டும் நுழைகிற சுழல் படி. பிராடி காஸிலின் பிளான் ஆங்கில 'இஸட்' எழுத்து மாதிரி. நடுவே ஒரு கட்டடம், எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு கோபுரம். அழகுக்கு அல்ல. ஒரு கோபுரத்தில் துப்பாக்கியோடு நின்றால் இரண்டு பக்கச் சுவரையும் காவல் காக்கலாம். இரண்டு கோபுரம் இருந்தால் நாலு பக்கமும் ஓவர்! பங்காளிச் சண்டை ஜாஸ்தியான ஊர் என்பது பிளானிலேயே தெரிகிறது. அப்படியும் 1645-ல் எதிரிகள் வந்து கொளுத்திவிட்டார்கள். மறுபடி எழுப்பிக்கொண்டார்கள்.

எல்லா டவர் ஹவுஸுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே பாதிக்கு மேல் பார்க்காமலே சொல்லிவிடலாம், கூரை இருக்காது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. காரணம் எப்போதும் பீரங்கி அல்ல. கூரை உள்ள கட்டடத்துக்குத்தான் வரி என்பதால் சொந்தக்காரர்களே பிரித்துப் போட்டதும் உண்டு. 1597-ல் டவர் ஹவுஸாக எழுந்து, பின்னால் பெரிய மாளிகையான ஸ்லெய்ன்ஸ் காஸில், 1925-ல் இப்படித்தான் கூரையை இழந்து மொட்டைச் சுவராக நிற்கிறது. 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் லீவுக்கு அந்த ஊருக்குத்தான் போவாராம். மார்ச் மாதம் வந்தால் வரிக்குப் பயந்து நாம் பாலிஸி எடுக்கிறோம். அவர்கள் ஓட்டை எடுத்தார்கள்.

நம் பிராடி துரைக்கு வந்த எதிரி துப்பாக்கி தூக்கி வரவில்லை. பணமுடை! கட்டி முடித்த கொஞ்ச நாளிலேயே கை இறுகி, ஆசை ஆசையாகக் கட்டிய காஸிலை வாடகைக்கு விட்டுவிட்டு, குடும்பத்தோடு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். குடியிருக்க வந்தவர்களில் ஒருவர் சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச். 1801-ல் ஏற்பட்ட மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி. சொந்த வீட்டில் நீதிபதியைக் குடிவைத்தால் வாடகையை ஏற்றச் சொல்ல நாக்கு எழுமா?

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வயது முப்பத்தொன்று. பெண் வீட்டார் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் "சொந்த வீடுங்களா?" என்று கேட்கிறார்கள். பேங்க்கில் 20 வருஷக் கடனுக்குத் தயாராக இருக்கிறார்கள். கையெழுத்துதான் பாக்கி.

பிராடியின் மிச்சக் கதை இன்னும் மோசம். அவருடைய அம்மா லேடி மார்கரெட், 1786-ல் ஸ்காட்லாந்து வீட்டிலேயே தீ விபத்தில் போய்ச் சேர்ந்தவர். பிள்ளைக்குத் தண்ணீர். 19-ம் நூற்றாண்டு பிறந்த கையோடு, அடையாற்றில் படகில் போனவர் மூழ்கிப் போனார். அப்பா 1824 வரை இருந்தார். ஸ்காட்லாந்து காஸில் பேரனுக்குப் போயிற்று.

சென்னை காஸில் பல கை மாறி, அரசாங்கத்திடம் வந்து, 'தென்றல்' என்று பெயர் மாறியது. 1949-ல் முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக ஆரம்பித்த கர்நாடக இசைக் கல்லூரி பிறகு இங்கே குடிவந்தது. மயிலாப்பூரில் பிராடீஸ் ரோடு ராமகிருஷ்ண மடம் சாலை ஆகிவிட்டது. பழைய ஆட்கள் மட்டும் இன்னும் ஆட்டோக்காரரிடம் "பிராடீஸ் ரோடுப்பா" என்கிறார்கள்.

ஆறு மட்டும் அதே ஆறு. பிராடியை இழுத்துக்கொண்ட அடையாறு, அங்கே போவதற்கு முன்னால் நம் ஜாஃபர்கான்பேட்டையை உரசிக்கொண்டுதான் போகிறது. 2015 டிசம்பரில் அது எங்கெல்லாம் வந்து போனது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். காஸிலைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே புரோக்கருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, அந்த கிரவுண்ட் ஃப்ளோர்... தண்ணி வந்துச்சா?"

"எப்ப தம்பி?"

"2015-ல."

"வந்துச்சு. போயிடுச்சு."

"எது வரைக்கும்ணே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கரெண்ட் மீட்டர் வரைக்கும். அதான் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கோமில்ல?"

அதே பில்டிங்கில் இரண்டாவது மாடி காலி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். 4 லட்சம் கூட.