ஆவூரில் ஒரு பகல்



புதுக்கோட்டை மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருவோர் சித்தன்னவாசல் ஓவியத்தையும், குடுமியான்மலைக் கல்வெட்டையும், திருமயம் கோட்டையையும் கண்டு திரும்பிவிடுவார்கள். நம்மவர்களாயின், திருமயத்தைத் தாண்டி மதுரைச் சாலையிலுள்ள காட்டுபாவா பள்ளிவாசலில் இறங்கி ஜியாரத் செய்துவிட்டுச் செல்வதுண்டு. ஆவூரை நாடி நம்மில் எவரும் போவதில்லை. அம்மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நானும் நாற்பத்தைந்து வயது வரை போனதில்லை. ஒரு சிறுவன் கேட்ட கேள்வியே என்னை அங்கே இழுத்துச் சென்றது.

எங்கள் மக்தபில் ஓதும் பிள்ளைகளில் அவன் ஒருவன், பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நெருங்கிய தோழன் ஒரு கிறிஸ்தவப் பையன். அந்தத் தோழனின் பாட்டி இறந்துவிட்டார். சொந்த ஊரான ஆவூரில் அடக்கம். வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியருடன் புறப்படவிருந்த அன்று காலை, தஜ்வீது பாடத்தின் நடுவே இவன் எழுந்து நின்றான்.

"ஹஜ்ரத், அந்தப் பாட்டி தினமும் கடவுளைக் கும்பிடுவாங்க. அது நம்ம அல்லாஹ்வையா, இல்ல வேற யாரையாவதா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்காரச் சொல்லி, பொறுமையாக விளக்கியிருக்க வேண்டும். ஆனால் "பாடத்தைப் பார். இதெல்லாம் உனக்கு இப்போது வேண்டாத பேச்சு" என்று அதட்டினேன். உண்மையைச் சொல்வதானால், அந்நேரம் எனக்குத் தெளிவான பதில் இல்லை. பையன் என் அதட்டலையே பதிலாக எடுத்துக்கொண்டான். அடக்கத்துக்குப் போகவில்லை. வகுப்பில் அவன் ஒருவன்தான் போகவில்லை என்பதும், அந்தத் தோழன் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான் என்பதும் ஒரு வாரம் கழித்தே என் காதுக்கு வந்தன.

கல்லூரியில் என்னோடு தமிழ் இலக்கியம் பயின்ற நண்பரொருவர் ஆவூர்ப் பக்கத்தவர், கத்தோலிக்கர், பள்ளி ஆசிரியர். அவருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். "வாங்க பாய், நேரில் பேசுவோம்" என்றார். ஒரு வியாழக்கிழமை காலை புறப்பட்டேன்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் சென்று, மேற்கே பிரிந்து போனால் ஆவூர். வழியெல்லாம் செம்மண், தைலமரக் காடு, இடையிடையே நீர் வற்றிய கண்மாய்கள். சன்னலோரம் அமர்ந்து, அந்தப் பிள்ளை இதே வழியில் வந்திருக்க வேண்டியவன் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

ஆவூர் சிற்றூர்தான். ஆனால் தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. பிரான்சு நாட்டு சேசு சபைக் குருவான வெனான்சியுஸ் புஷே 1697-இல் இங்கே ஆலயம் எழுப்பினார். ஓரியூரில் அருளானந்தர் கொல்லப்பட்டு நான்கே ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது. இப்போதுள்ள ஆலயம் 1747-ஐச் சேர்ந்தது. சில சுற்றுலாக் குறிப்புகளில் புஷே பாதிரியார் 1547-இல் கட்டினார் என்று அச்சிட்டிருக்கக் காணலாம். அவர் பிறந்ததே 1655-இல்! ஓர் எண் பிழையால் மனிதர் பிறப்பதற்கு நூறாண்டு முன்பே கோயில் கட்டிவிட்டார். வீரமாமுனிவரும் இவ்வூரில் பணியாற்றியவர். ஆண்டுதோறும் ஈஸ்டரையொட்டி இங்கே பாஸ்கா நாடகமும் தேர்த்திருவிழாவும் நடக்கின்றன.

நண்பர் என்னை முதலில் கல்லறைத் தோட்டத்துக்கே அழைத்துச் சென்றார். புதிய மண்மேடு, மேலே காய்ந்த பூமாலை. இருவரும் சற்று நேரம் பேசாமல் நின்றோம். பிறகு நிழலில் அமர்ந்து, அவர் கொண்டுவந்திருந்த ஒரு நூலைத் திறந்தார். புஷே பாதிரியார் பிரான்சிலிருந்த ஊஎ என்னும் முன்னாள் ஆயருக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. நேயர்களே, நம் பையன் கேட்ட கேள்வியை இந்த ஊரில் ஆலயம் கட்டிய மனிதரே முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

இந்நாட்டு மக்கள் பல தெய்வங்களை வணங்கினாலும், அனைத்துக்கும் மேலான, எல்லையற்ற ஒரே பரம்பொருளை ஒப்புக்கொள்கிறார்கள் என்று அவர் எழுதுகிறார். அப்பொருளுக்கு அவர் கேட்டறிந்த பெயர் 'பராபரவஸ்து'. இவர்களுக்கு இந்த அறிவு எப்படி வந்தது? அவர் தரும் விடை: மூஸா நபி (அலை) அவர்களின் வேதத்திலிருந்து கசிந்து வந்தது! பிரமன் என்ற பெயர் ஆபிரகாமிலிருந்து வந்தது. சரஸ்வதி என்பது சாராளின் திரிபு. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டுச் செல்கிறார். பெயர்களின் ஓசை ஒத்திருப்பதை வைத்து உறவு காட்டும் இந்த முறை இன்று எந்த மொழியறிஞரிடமும் செல்லாது.

நான் சிரித்துவிட்டேன். நண்பர் சிரிக்கவில்லை.

"நீங்களும் இதைத்தானே பாய் செய்கிறீர்கள்? எங்கள் வேதத்தில் நல்லது இருந்தால், 'அது எங்களுடையதின் மிச்சம்' என்கிறீர்கள். பிடிக்காதது இருந்தால், 'அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது' என்கிறீர்கள்."

சுருக்கென்று தைத்தது. மேடைகளில் நானே அப்படிப் பேசியிருக்கிறேன். அடுத்தவரிடம் உண்மையைக் கண்டால், அதை நம் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற பொருளாகவே காணும் பழக்கம் புஷே பாதிரியாரோடு முடிந்துவிடவில்லை.

ஆயினும் திருக்குர்ஆனின் வழி அதுவன்று என்பதை அவருக்கு விளக்கினேன். ஒவ்வொரு சமுதாயத்துக்கும் தூதர் உண்டு என்கிறது யூனுஸ் அத்தியாயம் (10:47). அத்தூதர்களில் சிலருடைய வரலாறே பெருமானார் (ஸல்) அவர்களுக்குக் கூறப்பட்டது, பலருடையது கூறப்படவில்லை என்கிறது முஃமின் அத்தியாயம் (40:78). அப்படியானால், ஓரிடத்தில் உண்மையின் ஒளி தெரிந்தால், அது யாரிடமிருந்து யார் கடன் வாங்கியது என்று வழக்காட வேண்டியதில்லை. அனுப்பியவன் ஒருவன். வேதக்காரர்களைப் பற்றியோ இன்னும் தெளிவாகவே சொல்லப்பட்டுள்ளது: எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே என்று அவர்களிடம் கூறும்படி நமக்கே கட்டளை (29:46). பையனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். எத்தனை முறை ஓதிய வசனம்!

"பராபர" என்ற சொல்லை வைத்து எங்கள் பேச்சு கல்லூரி நாட்களுக்குத் தாவியது. திருச்சியில் வாழ்ந்த தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். நம் குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். பப்ரிசியஸ் பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டில் தமிழாக்கிய பைபிளில் இறைவன் பெயர் பராபரன். சைவரும், முஸ்லிமும், கிறிஸ்தவரும் தம் இறைவனை அழைக்க ஒரே தமிழ்ச் சொல்லை எடுத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. சற்று முன்பின்னாக வாழ்ந்த உமறுப்புலவர் 5027 பாடல்களில் சீறாப்புராணத்தையும், வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியையும் ஒரே காப்பிய இலக்கணத்தில் படைத்தார்கள். பட்ட வகுப்பில் இரண்டையும் ஒருசேரப் படித்த எங்களுக்கு அன்று அது தேர்வுக்குரிய பாடமாக மட்டுமே இருந்தது.

சொல்லுக்காக நீதிமன்றம் சென்ற கதையும் உண்டு. மலேசியாவில் 'ஹெரால்டு' என்ற கத்தோலிக்க வார இதழ் மலாய் மொழியில் 'அல்லாஹ்' என்ற சொல்லை எழுதலாமா என்ற வழக்கில், 2009 டிசம்பர் 31 அன்று எழுதலாம் என்று தீர்ப்பாயிற்று. 2013-இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. இடையில், 2010 சனவரியில், தேவாலயங்கள் சில தாக்கப்பட்டன. அரபு நாட்டுக் கிறிஸ்தவர்கள் தொன்றுதொட்டு 'அல்லாஹ்' என்றே இறைவனை அழைக்கிறார்கள் என்பதை நம் மதரஸாக்களில் அறியாதவர் யார்? அச்சொல்லுக்குக் காவல் நிற்பது மார்க்கப் பற்று என்று என்னால் எண்ண இயலவில்லை.

இந்த இடத்தில், "ஆகவே எல்லா மதமும் ஒன்றே" என்று முடித்துவிடலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். காட்டுபாவா பள்ளிக்கு இந்து சகோதரர்களும் வருவதைச் சுட்டி அப்படி முடிப்பவர்கள் உண்டு. ஒரே வாசலில் நுழைவது வேறு, ஒரே உண்மையை ஏற்பது வேறு. நண்பர் அப்படிப்பட்ட இனிப்பான பேச்சை விரும்பாதவர், நானும் அப்படியே. ஆவூரில் ஆண்டுதோறும் நடக்கும் பாஸ்கா எதைக் காட்டுகிறது? ஈஸா நபி (அலை) அவர்கள் சிலுவையில் உயிர் துறந்ததாக. சிறு வயதில் அதில் வேடம் கட்டியவர் என் நண்பர். அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது நம் வேதம் (4:157). இரண்டும் ஒருங்கே நடந்திருக்க முடியாது.

"நீங்கள் ஒருவர் என்று தொடங்கி மூவர் என்று முடிக்கிறீர்களே, வாத்தியாரே?" என்றேன்.

"ஆட்களை எண்ணுவது போல் நாங்கள் எண்ணுவதில்லை, பாய். எங்கள் விசுவாசப் பிரமாணத்தின் முதல் அறிக்கையே ஒரே கடவுள் என்பதுதான்."

"எங்களுக்கு அந்த ஒன்றுக்குமேல் ஒரு புள்ளிகூட வைக்க இயலாது."

"தெரியும். அதனால்தான் உங்களோடு பேச முடிகிறது."

யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் (மறைவு 1204) எகிப்தில் வாழ்ந்தபோது, முஸ்லிம்கள் வணங்குவது கலப்பற்ற ஏக இறைவனையே என்று எழுதிவைத்தார். முஹம்மது (ஸல்) அவர்களை நபியாக அவர் ஏற்கவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட பிரகடனமும் முஸ்லிம்கள் ஒரே இறைவனை வழிபடுவதை மதிப்புடன் ஏற்றது. இயேசுவைக் கடவுளாக அவர்கள் ஏற்பதில்லை என்பதையும் அதே மூச்சில் கூறியது. 2007-இல் முஸ்லிம் அறிஞர்கள் 138 பேர் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு மடல் எழுதியபோது, இரு சாராருக்கும் பொதுவான ஒரு சொல்லின்பால் வேதக்காரர்களை அழைக்கும் ஆலஇம்ரான் வசனத்தின் (3:64) மீதே அதைக் கட்டினார்கள். வணங்கப்படுபவன் ஒருவனே என்பதில் உடன்பட்டும், அவனைப் பற்றிய கூற்றில் மாறுபட்டும் நிற்பது இயலும் என்பதற்கு இவை சான்றுகள். மாறுபட்டவற்றின் தீர்ப்பை அல்லாஹ் தன்னிடமே வைத்துக்கொண்டான் (5:48). அந்தத் தீர்ப்பை நான் என் வகுப்பறையில் ஓர் அதட்டலால் வழங்கிவிட்டேன்.

ஹபஷா நாட்டு மன்னர் நஜ்ஜாஷியின் அவையை எண்ணிக்கொண்டேன். மக்காவிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்றவர்களுள் ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதியதும் மன்னர் அழுதார். ஈஸா நபியைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது ஜஅஃபர் (ரலி) பூசி மெழுகவில்லை. அவர் அல்லாஹ்வின் அடியார், தூதர் என்றே சொன்னார்கள். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக் காட்டி, இவ்வளவுகூட வேறுபாடில்லை என்றார்; பக்கத்திலிருந்த பிரதானிகள் முணுமுணுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு ஹிஷாம் எழுதுகிறார். அந்தப் பிரதானிகளின் முணுமுணுப்பும் உண்மையே. அவர்களுக்கு அது குச்சியளவு வேறுபாடாக இருக்கவில்லை.

ளுஹர் நேரம் வந்தது. நண்பர் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து, தண்ணீர்க் குடமும் வைத்திருந்தார். தொழுது முடித்ததும் அவர் ஒன்று சொன்னார்: "அந்தப் பாட்டி சாகும் வரை உங்கள் பையனுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பியவர். அவன் வரவில்லையே என்று வீட்டில் கேட்டார்கள்."

சனிக்கிழமை மாலை பையனைத் தனியே அழைத்தேன். அந்தப் பாட்டி அழைத்தது நம்மைப் படைத்தவனையே என்றும், அவனைப் பற்றி அவர்கள் சொல்வதில் நாம் ஏற்காதவை உண்டு என்றும், அவை எவை என்றும் சொன்னேன். பிறகு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸைச் சொன்னேன். பெருமானார் (ஸல்) அவர்கள் முன்னே ஒரு ஜனாஸா சென்றது, எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடைய ஜனாஸா என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள்.

பையன் சிறிது நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

"ஹஜ்ரத், இத்தன நாள் கழிச்சுப் போனா, ஏன் அன்னிக்கு வரலன்னு கேப்பாங்களே?"

"உங்கள் ஹஜ்ரத் தடுத்துவிட்டார் என்று சொல்."

அவன் தலையை ஆட்டினான். அப்படிச் சொல்ல மாட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் அஸருக்குப் பின் நானும் அவனோடு போனேன். கதவைத் திறந்தவன் அந்தத் தோழன்தான். என்னைப் பார்த்துத் தயங்கி, பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, அவன் வந்திருக்கான்" என்று குரல் கொடுத்தான்.