பழனிக்கு வேண்டுதலா சார்?

மார்ச் 4
வலது பக்கம் சவரம் செய்ய முடியவில்லை. மேலுதட்டோரம் பிளேடு பட்டதும் கடைவாய்ப் பல்லிலிருந்து கன்னம்வரை கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. சில நொடிதான். அதற்குப் பயந்தே சோறு மெல்வதெல்லாம் இடது பக்கத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதில்லை, காற்றும் ஆகவில்லை. பாரசிட்டமாலுக்கு இந்த வலி மசியவே இல்லை.

மார்ச் 9
பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். "பல்லுல ஒண்ணுமில்ல சார், நியூரோகிட்ட காட்டுங்க." இந்த வலிக்கு நல்ல பல்லை வரிசையாகப் பறிகொடுத்தவர்கள் உண்டாம். பிடுங்கியிருந்தால் அவருக்குக் காசு. நல்ல மனிதர்.

மார்ச் 12
நரம்பியல் டாக்டர் முகத்தைத் தொட்டதைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். எத்தனை நொடி? எதனால் கிளம்புகிறது? நடுவில் சுத்தமாக விட்டுவிடுகிறதா? என் பதில்களை வைத்தே சொல்லிவிட்டார்: ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. மூளையின் ஐந்தாவது நரம்பு மூன்றாகப் பிரிந்து நெற்றி, கன்னம், தாடைக்கு வருகிறது. பெரும்பாலும் அதன் வேரில் ஒரு ரத்தக்குழாய் அழுத்தி, நரம்பின் மேலுறை தேய்ந்துவிடுகிறது. பிறகு லேசாகத் தொட்டாலும் வலிதான். கட்டியோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸோ இல்லையென்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எழுதினார்.

மாத்திரை கார்பமாசெபின். கொஞ்சமாக ஆரம்பித்து ஏற்ற வேண்டும். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார். சீட்டைப் பார்த்த மருந்துக்கடைப் பையன், "ஃபிட்ஸ் வருமா சார்?" என்றான். வலிப்புக்கும் இதேதான்.

மார்ச் 20
வலி முக்கால்வாசி அடங்கிவிட்டது. பதிலுக்குத் தலைசுற்றல்; சுவரைப் பிடித்துத்தான் படியிறங்குகிறேன். தாடியை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன். கீழ்வீட்டுக்காரர், "பழனிக்கு வேண்டுதலா சார்?" என்றார். ஆமாம் என்றேன். ஐந்தாவது நரம்பை விளக்குவதைவிட முருகன் சுலபம்.

ஏப்ரல் 16
ஸ்கேனில் கட்டி இல்லை. நரம்பை ஒட்டி ஒரு தமனி. மாத்திரை கைவிட்டால் ஆபரேஷன். காதுக்குப் பின்னால் திறந்து, தமனியை விலக்கி, நடுவே டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். அமெரிக்காவின் பீட்டர் ஜானெட்டா 1960களில் வளர்த்தெடுத்த முறை. தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான் என்றதும் மனைவிக்குச் சிரிப்பு. சிலருக்கு அந்தப் பக்கக் காது மந்தமாகலாம் என்றதும் சிரிப்பு நின்றது. ஊசிவழியாக நரம்பைச் சுடுவது, பலூனால் அழுத்துவது, காமா கத்தி என்கிற கதிர்வீச்சு என்று மண்டையைத் திறக்காத வழிகளும் இருக்கின்றன. அவற்றில் முகம் மரத்துப்போகலாம், வலி திரும்பவும் கூடும்.

"மாத்திரை எத்தனை நாளைக்குக் கேக்கும் டாக்டர்?" என்றாள். சிலருக்குப் பல வருடம். சிலருக்கு அளவு ஏறிக்கொண்டே போகும் என்றார். எனக்கு இப்போதைக்கு மாத்திரை போதும். அது சோடியத்தைக் குறைக்கலாம் என்பதால், அடுத்த முறை போகும்போது ரத்தத்தில் சோடியம் பார்த்து எடுத்துப்போக வேண்டும்.