ஏழடிச் சந்து

மதுரைக்கு வெளியே, தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை. வாசலிலேயே பிளைவுட் தூசியும் ஃபெவிகால் வாடையும் மூக்கில் ஏறின. உள்ளே நாலடி உயரப் பெட்டி ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. ஒரு பக்கத்துப் பலகை இன்னும் மூடவில்லை. எட்டிப் பார்த்தேன். சாய்ந்து சாய்ந்து நின்ற பலகைகளுக்கு நடுவே ஒரு சந்து வளைந்து போனது. போகப் போக அகன்றது.

"இதுதாண்ணே ஹார்ன் பாக்ஸ்" என்றார் சவுண்ட் சர்வீஸ்காரர். அவர் அப்பா காலத்துச் சொத்து குழாய் ஸ்பீக்கரும் இசைத்தட்டும். வேப்பமரத்து உச்சியில் கட்டிய குழாய் பக்கத்து ஊர் வரை பாடும். ஆனால் தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தம் மட்டும் அதில் வராது.

காரணம் நீளம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை காற்றில் சுமார் எட்டரை மீட்டர். அதில் கால்வாசியாவது, ஏழடிக்குக் குறையாமல், ஹார்னுக்குள் வழி வேண்டும். குழாய்க்குள் மடிந்திருக்கும் வழி அதற்கு எந்த மூலைக்கு? ஏழடியை நேராக விட்டால் வண்டியில் ஏறாது. அதனால்தான் மடிக்கிறார்கள். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940களிலேயே மடித்த ஹார்னை அறையின் மூலையில் நிறுத்தி, சுவர்களையும் தரையையும் அதன் வாயின் தொடர்ச்சியாக ஆக்கிக்கொண்டார். திருவிழாப் பொட்டலில் மூலைக்கு எங்கே போவது?

"நாலு பெட்டிய ஒட்டி வச்சிருவோம். நாலு வாயும் ஒரே வாயாயிரும். ஒத்தையா வச்சா பாதிதாண்ணே பேசும்."

கணக்கை அவர் மகன் கணினியில் போட்டிருக்கிறான். டேவிட் மெக்பீன் இலவசமாகத் தரும் ஹார்ன்ரெஸ்ப் மென்பொருளில் அளவுகளைக் கொடுத்தால், எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று கோடு வரைந்து காட்டுகிறது. 15 இஞ்ச் ஸ்பீக்கருக்கு முன்னால் கோனின் பரப்பில் பாதிதான் திறப்பு. அதைத் தொண்டை என்கிறார்கள். வெறும் காற்றில் கை வீசினால் கைக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீருக்குள் வீசினால் கனம் தெரியும். தொண்டை அந்தக் கனத்தைக் கோனுக்குக் கொடுக்கிறது. சாதாரணப் பெட்டியில் ஆம்பிளிஃபயர் கரண்டில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சத்தமாகும். மிச்சம் காயிலைச் சூடாக்கும். ஹார்னில் சத்தத்தின் பங்கு பல மடங்கு.

கணக்கு மகனுடையது. அவஸ்தை ஆசாரியுடையது. 18 மில்லி பலகை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. விளிம்பையும் அதே சாய்வுக்கு அறுத்து, காடி எடுத்து, பசை தடவி, திருகாணி முடுக்க வேண்டும். "பீரோன்னா ஒரு நூல் இடுக்கு இருந்தாலும் மைக்கா ஒட்டி மறைச்சிரலாம்" என்றார். "இதுல காத்து காட்டிக் குடுத்துரும்."

முந்தின நாள் முடித்த பெட்டியைச் சோதித்தார்கள். மகன் கைபேசியிலிருந்து 40 ஹெர்ட்ஸ் விட்டான். சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் ஏறியது. பெட்டி வாயருகே தரையில் கிடந்த மரத்தூள் நகர்ந்து வரிவரியானது. எங்கோ கிடுகிடுத்தது. "பெட்டியா?" என்றேன். "கூரைத் தகரம்" என்றார் ஆசாரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பெட்டியின் பக்கப் பலகையில் என் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். கல்லைத் தொட்டதுபோல இருந்தது.

மகன் சுருதியை இறக்கப் போனான். அப்பா கையைப் பிடித்தார். 35க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடுவது அவர் வழக்கம். அங்கே ஹார்னின் பிடி விட்டுப்போகும். கோன் தறிகெட்டு ஆடிக் கிழியும்.

கடைசியில் ஊதுபத்தி. ஸ்பீக்கரின் பின்னறை மூட்டுகளில் ஆசாரி அதை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். புகை நேராக ஏறியது. கீழ் மூலைக்கு வந்ததும் வெடவெடத்தது. அவர் கை அதற்குள் காதிலிருந்த பென்சிலை எடுத்திருந்தது.

"தெரியும்ணே" என்று வட்டம் போட்டார். "கரண்டு போன நேரத்துல கையால அறுத்த பலகை இது ஒண்ணுதான்."