வீடு கொடுத்தவன் எங்கே?

ஐப்பசி அடைமழையில் கொடித்துணி காயாமல் வாடை அடிக்கும்போது தாத்தா வானத்தைப் பார்த்துச் சொல்வார்: "சூரியன் நீசத்துல இருக்கான்டா, பாவம் என்ன செய்வான்!"

தாத்தா பள்ளி வாத்தியார். சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து ஜாதகம் பார்ப்பார். காசு வாங்க மாட்டார். சூரியனுக்குப் பஞ்சாங்கமே வேண்டாம், தமிழ் மாதமே போதும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். சித்திரையில் மேஷம், உச்சம். ஆவணியில் சிம்மம், ஆட்சி. ஐப்பசியில் துலாம், நீசம். மற்றவற்றை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தார். சந்திரன் ரிஷபத்தில் 3 பாகை, செவ்வாய் மகரத்தில் 28, புதன் கன்னியில் 15, குரு கடகத்தில் 5, சுக்கிரன் மீனத்தில் 27, சனி துலாத்தில் 20. இவை பரம உச்சம். அங்கிருந்து ஏழாம் ராசியில், அதே பாகையில் பரம நீசம்.

6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகத்திலும் இந்தப் பாகைகள்தான். அவருக்கும் முன்னால், 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எழுதிய தாலமியிடமும் உச்ச ராசிகள் இவையே. மேஷத்தில் பகல் நீளத் தொடங்குகிறது, துலாத்தில் குறையத் தொடங்குகிறது என்று சூரியனுக்கு அவர் காரணம் சொன்னார். தாலமியின் பெயரைக்கூட தாத்தா கேட்டதில்லை. ஆனாலும் கொடித்துணியைக் காட்டி அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே நியாயம்தான்.

சுக்கிரனுக்கு வரும்போது குரல் தணியும். கட்டத்தின் இடது மேல் மூலை மீனம், வலது கீழ் மூலை கன்னி. மூலைக்கு மூலை நகத்தால் கோடு இழுப்பார். சுக்கிரன் ஏறுகிற வீட்டில் புதன் இறங்குவான். புதன் ஏறுகிற வீட்டில் சுக்கிரன் இறங்குவான். குரல் தணிந்ததற்குக் காரணம் அத்தை. ஆவணிக் கடைசியில் பிறந்த அத்தையின் ஜாதகத்தில் கன்னிக் கட்டத்துக்குள் 'சுக்' என்று எழுதியிருக்கும். மஞ்சள் தடவிய அந்த நோட்டு பல வீடுகளுக்குப் போய், "சுக்கிரன் நீசம், தாம்பத்தியம் சரிப்படாது" என்ற சொல்லோடு திரும்பி வந்தது. உள்ளே அத்தை அரிசி களைந்துகொண்டிருப்பாள். திண்ணையில் பேசுவது அவள் காதில் விழாமல் இருக்காது.

அதே கட்டத்தில் 'சுக்' பக்கத்திலேயே 'பு' இருந்தது. கன்னிக்கு அதிபதி புதன். அவன் அங்கேயே உச்சம். வீடு கொடுத்தவன் பலமாக இருந்தால் நீசன் எழுந்து நிற்பான், அது நீசபங்கம் என்பது சாஸ்திரத்தின் விதி. "வீடு கொடுத்தவன் எங்கேன்னு பார்த்தீங்களா?" என்று தாத்தா ஒவ்வொருவரிடமும் கேட்டார். கடைசியில் வந்த வீட்டில், அவர் கேட்கும் முன்பே மாப்பிள்ளையின் அப்பா அதைச் சொன்னார். தையில் கல்யாணம் நடந்தது.

ராசியை வைத்துத் தரம் சொல்வது முதல் படி மட்டும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை வருஷம் தங்குகிறது. 2013இல் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் சனி துலாத்தில், உச்சம். 1999இல் பிறந்த அத்தனை பேருக்கும் மேஷத்தில், நீசம். ஒரு வகுப்பு முழுவதுக்கும் பொதுவான ஒன்றை வைத்து ஒரு பெண்ணை மட்டும் எப்படி ஒதுக்க முடியும்? லக்னம், அந்த வீட்டு அதிபதி, நவாம்சம், நடக்கிற திசை என்று பார்க்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இன்று கைபேசியில் பிறந்த நேரத்தைத் தட்டினால் உச்சம், நீசம் என்று பட்டியல் வந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு ஜாதகத்தை மூடிவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா கண் கலங்கி வந்தார். மகள் 1999இல் பிறந்தவள். சனி நீசம் என்று பையன் வீட்டில் தயங்குகிறார்களாம். பையனுக்கு என்ன வயது என்று கேட்டேன். அவளைவிட ஆறு மாதம் மூத்தவன். அப்படியானால் அவனுக்கும் சனி மேஷத்தில்தானே அக்கா என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மேஷத்துக்கு வீடு கொடுத்தவன் செவ்வாய். அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்க வேண்டும், இரண்டு ஜாதகத்தையும் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.