முகமூடி கழன்றால் கண்கலங்கும் அரங்கம்!

மெக்சிகோ சிட்டியில் 'டோக்டோரெஸ்' என்று ஒரு பகுதி. தெருக்களுக்கெல்லாம் அந்தக் கால டாக்டர்களின் பெயர்களை வைத்திருப்பதால் இந்தப் பெயர். வெள்ளிக்கிழமை மாலையானால் இங்குள்ள டாக்டர் லவிஸ்டா தெருவில் கால் வைக்க இடமிருக்காது. நடைபாதை முழுக்க முகமூடிக் கடைகள். வெள்ளி, நீலம், தங்க நிறம் என்று முகமூடிகள் வரிசையாகத் தொங்குகின்றன. பேரம் பேசி வாங்கி, அங்கேயே பிள்ளையின் தலையில் மாட்டி, பின்பக்கக் கயிற்றை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள் அப்பாக்கள்.

எல்லோரும் போவது ஒரே கட்டடத்துக்கு. அதன் பெயர் 'அரேனா மெஹிகோ'. 'லூச்சா லிப்ரே' எனப்படும் மெக்சிகோ மல்யுத்தத்தின் தலைமைக் கோயில் என்றே ரசிகர்கள் இதைச் சொல்கிறார்கள். சுமார் 16,500 பேர் உட்காரலாம்.

டி.வி.யில் ரே மிஸ்டீரியோவைப் பார்த்து, தலையணை மீது பாய்ந்து விளையாடிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த முகமூடி புதிதல்ல. அவர் தொழில் பழகியது மெக்சிகோவின் திஹுவானா நகரில்தான். அந்த முகமூடிக்குத் தாய்வீடு இந்த நாடு.

1933-ல் தொடங்கிய கதை

சால்வடோர் லுட்டரோத் என்பவர் 1933-ல் இங்கே மல்யுத்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். உலகில் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் மல்யுத்த நிறுவனங்களில் மிகப் பழையது அதுதான். கூட்டம் பெருகப் பெருக அரங்கமும் பெரிதானது. இப்போதுள்ள கட்டடம் 1956-ல் திறக்கப்பட்டது. 1968 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைப் போட்டிகள் இங்கேதான் நடந்தன.

1950-களின் நடுவில், மல்யுத்தத்தை டி.வி.யில் காட்டுவதற்குத் தலைநகரில் தடை வந்தது. பல பத்தாண்டுகள் அது நீடித்தது. சண்டையைப் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கி அரங்கத்துக்கே வர வேண்டும் என்ற நிலை. தாத்தா கையைப் பிடித்து அப்பா வந்தார், அப்பா கையைப் பிடித்துப் பிள்ளை வந்தது. இப்படித்தான் இது குடும்பப் பழக்கமாக ஊறிப்போனது. 2018-ல் மெக்சிகோ சிட்டி நிர்வாகம் லூச்சா லிப்ரேயை நகரத்தின் கலாசாரச் சொத்தாக அறிவித்தது.

நல்லவரா, முரடரா?

வீரர்களில் இரண்டு வகை. 'டெக்னிகோ' என்பவர் விதிப்படி சண்டையிடும் நல்லவர். 'ரூடோ' என்பவர் முரடர். நடுவர் திரும்பும் நேரம் பார்த்துக் கண்ணில் குத்துவார், கயிற்றில் தள்ளி மிதிப்பார். பெரும்பாலும் மூவருக்கு மூவர் மோதுவார்கள். மூன்று சுற்றில் இரண்டை வெல்பவருக்கு வெற்றி.

ஊர் முழுக்க நல்லவர் பக்கம்தான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அரங்கில் பாதிப் பேர் 'ரூடோஸ்... ரூடோஸ்' என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நாள் முழுக்கக் கடையிலும் அலுவலகத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்களுக்கு இங்கே முழுச் சுதந்திரம். மெக்சிகோவில் ஐந்து சுரத்தில் ஒரு விசில் உண்டு. தாயைப் பழிக்கும் வசவு அது. தெருவில் அப்படி விசிலடித்தால் அடிதடியில் முடியும். இங்கே அடித்தால் பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்கிறார்.

அதிலும் முன்வரிசைப் பாட்டிகளைப் பார்க்க வேண்டும்! கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவர், பிடிக்காத ரூடோ பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்று விரலை ஆட்டித் திட்டுகிறார். ரூடோவும் சும்மா விடுவதில்லை, நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறார். முரடர்களுக்குச் சாதகமாக நடக்கும் நடுவருக்கும் தனி அர்ச்சனை உண்டு. கயிற்றுக்கு மேலே பறந்து வெளியே குதிக்கும் வீரர்கள் சில சமயம் முன்வரிசை நாற்காலிகள் மீதே வந்து விழுவார்கள். பழகியவர்கள் பீர் கோப்பையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

'எல்லாம் முன்பே பேசி வைத்ததுதானே?' என்ற கேள்வி வெளியூர்க்காரர்களுக்குத்தான் வருகிறது. யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம் என்று ரசிகர்களுக்கும் தெரியும். ஆனால், விழுவதில் பொய் இல்லை. 2015 மார்ச்சில் திஹுவானாவில் நடந்த போட்டியில் அடிபட்டு, 'ஈஹோ டெல் பெர்ரோ அகுவாயோ' என்ற பிரபல வீரர் உயிரிழந்தார். தோளும் முழங்காலும் தேய்ந்த வீரர்கள் எத்தனையோ பேர். அந்த வலிக்கான மரியாதை இந்தக் கூச்சலுக்குள்ளே இருக்கிறது.

முகமூடிதான் மானம்

இன்னொரு விஷயத்திலும் பொய் இல்லை. அது முகமூடி.

1934-ல், லியோன் நகரைச் சேர்ந்த அந்தோனியோ மார்டினெஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, அமெரிக்க வீரர் ஒருவருக்கு முகமூடி தைத்துக் கொடுத்தார். வழக்கம் அங்கிருந்து பரவியது. 1942-ல் வெள்ளி முகமூடியோடு வந்த 'எல் சாண்டோ' அதை நாட்டின் அடையாளமாகவே மாற்றினார். 50-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தும், பொதுவெளியில் முகம் காட்டாமலே இருந்தார். 1984-ன் தொடக்கத்தில் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் முகமூடியைக் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினார். சில நாட்களிலேயே மாரடைப்பில் இறந்தார். முகமூடியோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள்.

எனவே, முகமூடியைப் பணயம் வைத்து நடக்கும் சண்டைக்கு இங்கே தனி மதிப்பு. தோற்றவர் ரிங்கிலேயே முகமூடியைக் கழற்றி, சொந்தப் பெயர், பிறந்த ஊர், எத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதே முகமூடியை மறுபடி அணியக் கூடாது என்பது மரபு.

2000 மார்ச் 17 இரவை மூத்த ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. முரடர் 'வில்லானோ தெர்செரோ'வும் நல்லவர் 'அட்லாண்டிஸ்'ஸும் முகமூடியைப் பணயம் வைத்து மோதினார்கள். அட்லாண்டிஸ் அவரைத் தோளில் குறுக்காகத் தூக்கி முதுகை வளைக்க, வில்லானோ தோல்வியை ஒப்புக்கொண்டார். மல்யுத்தத்துக்கு வந்து 30 வருடங்கள் ஆன மனிதர். முகமூடி வந்தது. அர்துரோ தியாஸ் மெந்தோசா என்ற நடுத்தர வயதுக்காரரின் முகம் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை அவரைத் திட்டித் தீர்த்தவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள், பலர் அழுதார்கள். அதன் பிறகும் அவர் வெறும் முகத்தோடு பல வருடங்கள் சண்டையிட்டார். 2018-ல் மறைந்தார்.

மனம் நிறைந்த சண்டைக்கு இந்த ரசிகர்கள் தரும் மரியாதையே வேறு. சில்லறைக் காசையும் நோட்டுகளையும் ரிங்குக்குள் வீசுகிறார்கள். டிக்கெட் காசு நிறுவனத்துக்கு, இது வீரர்களுக்கு. இருபது நிமிடம் ஒருவரையொருவர் புரட்டி எடுத்தவர்கள், அந்தக் காசை ஒன்றாகக் குனிந்து பொறுக்குகிறார்கள்.

போவதென்றால்...

செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் சண்டை உண்டு. கூட்டமும் கூச்சலும் உச்சத்தில் இருப்பது வெள்ளி இரவு. குழந்தைகளோடு போக ஞாயிறு தோது. குவாவுதேமொக் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். திரும்பும்போது இரவாகிவிடும் என்பதால், தெரியாத தெருக்களில் சுற்றாமல் டாக்சி பிடிப்பது நல்லது.

சண்டை முடிந்த பிறகும் வாசலில் சிலர் காத்திருக்கிறார்கள். வீரர்கள் சாதாரண பேன்ட், சட்டையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள், முகத்தில் மட்டும் முகமூடி. கையெழுத்துக் கேட்கிறார்கள், தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தைக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை.