ஆணி இறங்கிய உத்திரம்

ஏனாத்தூரில் எங்கள் ஓட்டு வீட்டை இறக்கியபோது எல்லாம் விலை போயிற்று, கூடத்து உத்திரத்தைத் தவிர. நாட்டு ஓடுகளை ஒருவர் எண்ணி வாங்கிப் போனார். நிலைக்கதவைப் பழைய மரம் வாங்கும் வியாபாரி எடுத்துக்கொண்டார். உத்திரத்தை மட்டும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். ஒரு பக்கம் நீளவாக்கில் வெடிப்பு. தொட்டில் கட்டவும், உறி தொங்கவும், கல்யாணத்துக்குத் தோரணம் கட்டவும் மூன்று தலைமுறை அறைந்த ஆணிகள் வேறு. “ரம்பம் போட்டா பல்லு போயிடும் சார். விறகுக்கு வெச்சுக்குங்க.”

புகையேறிக் கறுத்திருந்த அந்த மரத்தின் மூலையில் எங்கள் ஊர்த் தச்சர் இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே செம்பழுப்பாக மினுங்கியது. ஒரு சில்லைப் பெயர்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். கூழாங்கல்லைப் போல நேரே அடிக்குப் போய்விட்டது. “ஆச்சா. இதைப் போயி எரிப்பாங்களா? நாயனம் கடையறவங்க இதுக்குத்தான் அலையறாங்க.”

வெடிப்பும் ஆணியும் இல்லாத இடமாகப் பார்த்து, மூன்றடி நீளத்தில் இரண்டு துண்டு அறுத்துக் கொடுத்ததும் அவர்தான். இரண்டும் சேர்ந்து 11 கிலோ இருந்தது. சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் ரயிலேறி ஆடுதுறையில் இறங்கினேன். அங்கிருந்து நரசிங்கம்பேட்டை பக்கம்தான்.

2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் உருவாகும் ஊர் அது. அடுத்த ஊர் திருவாவடுதுறை. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிய ஊர். முன்பு வழக்கிலிருந்த திமிரி நாகஸ்வரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. சுருதி இறங்கிய, நீண்ட பாரி நாகஸ்வரத்தில் சுத்த மத்திமம் சுத்தமாகப் பேச வேண்டும் என்று ராஜரத்தினம் பிள்ளை விரும்பினார். அதற்கேற்ற கருவியை வடித்துக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. கச்சேரி மேடையில் நாம் இன்று கேட்கும் கம்பீரத்தில் பாதி இந்த ஊர்ப் பட்டறையில் பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

நான் போன பட்டறையில் ஒரு பெரியவரும் அவர் மகனும் வேலையில் இருந்தார்கள். சுவரோரம் அடுக்கியிருந்த கட்டைகள் எல்லாமே ஏதோ ஒரு வீட்டின் மிச்சம். ஒன்றில் தூணுக்குப் பூசிய பச்சை வர்ணம் இன்னும் ஒட்டியிருந்தது. புதிதாக வெட்டிய ஆச்சா இந்த வேலைக்கு ஆகாது. ஈரம் வற்ற வற்ற முறுக்கிக்கொள்ளும், பிளக்கும். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கி, அடுப்புப் புகையும் கோடை வெயிலும் பார்த்து, அசையவேண்டியதெல்லாம் அசைந்து முடித்த மரம்தான் வேண்டும்.

சாக்கைப் பிரித்ததும் பெரியவர் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினார். ணங்கென்று வெண்கலம் போல ஒலித்தது. முகம் மலரும் என்று பார்த்தேன். அவர் முகம் அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கட்டை விரலால் நீவிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தினார். “தம்பி, இங்க ஆணி இருந்திருக்கு.”

“தச்சர் பார்த்துத்தான் அறுத்தார் ஐயா.”

“ஆணிய எடுத்திருக்கலாம். அது விட்ட கறை போகாது.”

உற்றுப் பார்த்தேன். மிளகளவு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து இழையோட்டத்தோடு சேர்ந்து நகரும் மைக்கோடு. இரும்பின் துரு மரத்தின் துவர்ப்போடு கலந்து ஏற்படுத்திய கறை. வெளியே ஒரு அங்குலம்தான் தெரிந்தது. உள்ளே எதுவரை போயிருக்கிறது என்பதைக் கடைந்தால்தான் சொல்ல முடியும்.

கடைந்தார்கள். கடைசல் எந்திரத்தில் கட்டை உருளையானது. வாசனையில்லாத செம்பொடி கணுக்கால்வரை குவிந்தது. பிறகு துறப்பணம். நாகஸ்வரத்தின் உடலான உலவு ஏறக்குறைய இரண்டரை அடி. மேலே குறுகி, கீழே போகப் போக அகலும் துளையை அதன் நடுவே விலகாமல் இறக்கவேண்டும். கொஞ்சம் இறக்கி, பொடியைத் தட்டி, சூடாறவிட்டு, மறுபடி இறக்கினார் மகன். அவசரப்பட்டால் சூட்டிலேயே மரம் விரிசல் விடும்.

துளை முடிந்ததும் பெரியவர் ஒரு முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினார். உள்ளங்கை ஒட்டிக்கொண்டால் குழல் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். ஒட்டவில்லை. இன்னொரு முறை உறிஞ்சினார். அப்புறம் குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். வழவழவென்ற செந்நிறச் சுவரில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. ஆணி போன வழியைப் பிடித்துக்கொண்டு வெடிப்பும் போயிருந்தது.

“இது பேசாது” என்று ஓரமாக வைத்தார். அரை நாள் உழைப்பு. அவர் குரலில் கோபமில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

இரண்டாவது துண்டில் ஒரு கணு இருந்தது. கிளை முளைத்த இடம், புளியங்கொட்டை அளவு, கண் போல வளையம் வளையமாக. முதலில் கழிவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெரியவர் கணுவை உளி முனையால் சுரண்டிப் பார்த்தார். சுற்றியிருந்த மரத்தோடு பின்னிப் பிணைந்திருந்தது. “உயிரோட இருக்கற கணு இது. செத்த கணுன்னா ஆப்பு மாதிரி தனியா கழண்டு வந்துடும்.” கட்டையை எந்திரத்தில் ஏற்றுமுன் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசிப்பவர் விரல் வைக்கும் ஏழு துளைகள் எந்தப் பக்கம், கணு எந்தப் பக்கம் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறார். முடிவில் கணு முதுகுப் பக்கம், துளைக்கு எட்டாத ஆழத்தில் நின்றது. உறிஞ்சியபோது உள்ளங்கை ஒட்டியது.

மரத்தில் குறை உண்டா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது, குறை எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் போகிறது என்பதை. காற்று ஓடும் பாதையில் மயிரிழை விரிசலும் கொல்லும். முதுகில் புளியங்கொட்டை அளவு கணு இருந்தாலும் அது வெறும் மச்சம்.

இந்தக் கணக்கு வேறு ஊர்களிலும் உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப் பகுதியில் செர்ரி மரத்தில் டல்சிமர் என்ற தந்தி வாத்தியம் செய்கிறார்கள். அந்த மரத்தில் வண்டு துளைத்த காயத்தை மரமே பிசின் சுரந்து அடைத்துக்கொள்ளும். அது கறுத்த கோடாகப் பலகையில் தங்கிவிடும். பெட்டி அதிர்ந்து பாடும் வாத்தியத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் அழகோடு நின்றுவிடுகிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் குடையும்போதும் இதே விசாரணை உண்டு. ஒரே கட்டையில் குடைந்தெடுக்கும் ஏகாந்த வீணையில், மெலிந்த குடத்தில் கணு வந்து நின்றால் எத்தனை நாள் உழைப்பு போகும்! எந்த ஊர் ஆனாலும் மரவேலைக்காரர் குறையோடுதான் குடித்தனம் நடத்துகிறார்.

இரண்டாவது உலவைக் காயவைத்து, ஐந்து மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். வாகை மரத்தில் கடைந்த, புனல் போல விரியும் அணசு கீழே பொருந்தியிருந்தது. திருவாவடுதுறையில் நாணலில் செய்த சீவாளியை உதட்டில் நனைத்து, கெண்டையில் செருகி, பெரியவர் ஊதினார். கீழ்ப்பக்கத்து ஐந்து துளைகளில் ஒன்றில் மெழுகைக் கொஞ்சம் அடைத்தார், மறுபடி ஊதினார், நகத்தால் துளி சுரண்டினார். அந்தத் துளி மெழுகில் சுருதி நகர்ந்ததை என் காதே உணர்ந்தது. பிறகு அவர் பிடித்த ஷட்ஜத்தில் பட்டறைக் கூரைத் தகடு அதிர்ந்தது. எங்கள் கூடத்தில் எனக்குத் தொட்டில் கட்டிய மரம்.

“இன்னும் எத்தனை வருஷத்துக்கு மரம் கிடைக்கும் ஐயா?”

“புதுசா கட்டறதெல்லாம் கான்கிரீட்டு. இருக்கற பழைய வீடு முடிஞ்சா முடிஞ்சது. அதுல பாதி செங்கல் சூளைக்குப் போயிடுதே தம்பி.”

எங்கள் வட்டாரத்தில் வாரம் ஒரு ஓட்டு வீடாவது இறங்குகிறது. நானும் போய்ப் பார்க்கிறேன். இதுவரை பார்த்ததில் பெரும்பாலும் பனஞ்சட்டமும் வேம்பும்தான். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டு உத்திரத்தை அடுப்புக்கோ சூளைக்கோ அனுப்பும் முன் ஒரு சில்லைப் பெயர்த்துச் சொம்புத் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால், ஆணியையும் வெடிப்பையும் பார்த்துக் கழிக்காமல், ஊர்த் தச்சரை ஒருமுறை கூப்பிடுங்கள்.