குழந்தைகளும் பட்டணமும்

பட்டணம் பார்க்கப் புறப்படுகிறவர்கள் முதலில் ஜாபிதா போடுவது வழக்கம். சென்ற முறை சென்னைக்குப் போனபோது நாங்களும் போட்டோம். ஒரே நாளில் ஐந்து இடங்கள்! அன்று மாலை மெரினாக் கடற்கரையின் ஜன நெரிசலில், களைத்துப் பின்தங்கிய எங்கள் ஐந்து வயதுப் பையனைக் கால் மணி நேரம் காணோம். அந்தக் கால் மணியில் நாங்கள் பட்ட பாடு சொல்லத் தரமன்று. கடைசியில், ஒரு சுண்டல்காரரின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

ஆகவே, இம்முறை வேளைக்கு ஓரிடம் என்று தீர்மானித்தோம். 1851-ல் ஏற்பட்ட மியூஸியம் எழும்பூரில் இருக்கிறது. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1855-ல் அதே தோட்டத்தில் பிறந்து, 1985-ல் வண்டலூர் போய்ச் சேர்ந்த மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை. எனவே சனி காலை மியூஸியத்துத் திமிங்கில எலும்புக்கூடு, பகலில் தூக்கம், மாலையில் கடற்கரை, அதுவும் அலையில் இறங்காமல் மணலோடு சரி. ஞாயிறு காலை வண்டலூர். பையனின் சட்டைப் பையில் எங்கள் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு.

"கோட்டையைப் பார்க்க வேண்டாமா?" என்கிறார்கள் நண்பர்கள். மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நிற்கும் ஜார்ஜ் கோட்டை, எங்கள் குழந்தைகளுக்காக இன்னும் ஓராண்டு காத்திராதா?